கையடக்கக் கருவி – அலுவலகக் கணினி ஒத்திசைவு: பினாங்கு

கையடக்கக் கருவியிலும் அலுவலகக் கணினியிலும் உள்ள மின்னஞ்சல், நாள்காட்டி, முகவரிகள் ஆகியவற்றை ஒன்றுபோல வைத்திருக்கும் முறை ஒத்திசைவு எனப்படும். இது நகலெடுப்பதிலிருந்து வேறானது. இரண்டு பக்கமும் தனித்தனியே திருத்தப்பட்டிருக்கலாம், இரண்டுமே செல்லும். மலேசியாவின் பினாங்கில் இது முக்கியமானதற்குக் காரணம் உண்டு. அங்கே 1972ஆம் ஆண்டு முதல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இன்டெல், ஹியூலெட்-பேக்கார்ட் போன்ற நிறுவனங்கள் ஆலை வைத்தன. தலைமையகம் கலிபோர்னியாவில், வேலை பினாங்கில் என்ற இந்த ஏற்பாட்டில் நாள்காட்டி ஒரு மணி நேரம் பிசகினாலும் கூட்டம் தவறிப்போகும்.

1996இல் வந்த பைலட் என்ற கையடக்கக் கருவிதான் ஒத்திசைவை எளிதாக்கியது. கணினியோடு இணைந்த தொட்டிலில் கருவியை வைத்து ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளே நடந்தது நுட்பமானது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. திருத்தியதும் அதன்மேல் ஒரு குறி விழும். அழித்தாலும் உடனே மறையாமல் ‘அழிந்தது’ என்ற குறியோடு காத்திருக்கும். கடைசியாக இணைத்த அதே கணினி என்றால் குறி விழுந்த பதிவுகளை மட்டும் பரிமாறிக்கொள்ளும். வீட்டில் ஒரு கணினி, அலுவலகத்தில் இன்னொன்று என்று மாற்றிமாற்றி இணைத்தால் குறிகளை நம்ப முடியாது. எல்லாப் பதிவுகளையும் சென்ற முறை சேமித்த படியோடு ஒப்பிட வேண்டியிருக்கும். அது மெதுவான வழி.

பத்து மணிக் கூட்டத்தை மேலாளர் கருவியில் பதினொன்றுக்கு மாற்றுகிறார். அதே நேரத்தில் செயலாளர் கணினியில் மூன்று மணிக்கு மாற்றுகிறார். எது வெல்லும்? பைலட் இரண்டையும் வைத்துக்கொண்டு, மோதல் நேர்ந்தது என்று அறிவித்தது. பிற்கால மென்பொருள்கள் பலவற்றில் கணினி வெல்லட்டும் அல்லது கருவி வெல்லட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். வசதிதான், ஆனால் ஒருவரின் திருத்தம் சத்தமில்லாமல் அழியும். இரட்டைப் பதிவு கண்ணை உறுத்தினாலும் பைலட்டின் வழியே நேர்மையானது.

மின்னஞ்சலில் சிக்கல் குறைவு. வந்த கடிதத்தை யாரும் திருத்துவதில்லை. படித்ததா, அழித்ததா என்பதை மட்டும் பொருத்தினால் போதும். பிளாக்பெர்ரி கருவி வந்தபின் மின்னஞ்சலுக்குத் தொட்டிலே தேவைப்படவில்லை. கடிதம் கம்பியில்லாமல் தானே வந்து விழுந்தது.

பினாங்கு அலுவலகங்களுக்கு உண்மையான தலைவலி நேரம். மலேசியத் தீபகற்பம் 1982 ஜனவரி 1 முதல் உலக நேரத்துக்கு 8 மணி முன்னே இருக்கிறது. கோடைக்காக இங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை. கலிபோர்னியாவில் மாற்றுகிறார்கள். அங்கே வாரந்தோறும் மாலை 5 மணிக்கு நடக்கும் கூட்டம் பினாங்கில் கோடையில் மறுநாள் காலை 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி. 2007இல் அமெரிக்கா கோடை நேரத் தொடக்கத்தை ஏப்ரல் முதல் ஞாயிற்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கு முன்தள்ளியது. கணினியில் புது விதி ஏறி, கருவியில் ஏறாமல் இருந்தால் ஒரே கூட்டம் இரண்டு இடத்தில் இரண்டு நேரம் காட்டும். பழைய பைலட் கருவிகள் நேர வலயத்தையே அறியாதவை; ஒன்பது மணி என்று எழுதினால் எந்த நாட்டுக்குப் போனாலும் ஒன்பதுதான். கணினியில் உள்ள அவுட்லுக் நாள்காட்டி அப்படியல்ல, உலக நேரத்தில் சேமித்து ஊருக்கேற்ப மாற்றிக் காட்டும். இரண்டையும் இணைத்துக்கொண்டு பயணம் போனவர்களுக்குக் குழப்பம் வந்தது இதனால்தான்.

ஊருக்கு அருகிலேயே இன்னொரு வேறுபாடு. பினாங்கில் வார விடுமுறை சனியும் ஞாயிறும். கெடா மாநில அரசு அலுவலகங்களுக்கோ வெள்ளியும் சனியும். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. கூலிமில் உள்ள அரசு அலுவலகத்தோடு சந்திப்பு வைப்பவருக்கு, சனி ஞாயிற்றை மட்டும் சாம்பலாகக் காட்டும் நாள்காட்டி வெள்ளியைப் பற்றி எச்சரிக்காது.

பண்டிகைகள் இதைவிடக் கடினம். தைப்பூசம் பினாங்கில் மாநில விடுமுறை. நாடு முழுதுக்கும் அல்ல. தை மாதப் பூச நட்சத்திரத்தைப் பொறுத்து ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். நாள்காட்டிப் பரிமாற்றத்துக்கு 1998இல் வகுக்கப்பட்ட ஐகேலண்டர் தரம் ஆங்கில மாதங்களைக் கொண்டே ‘ஆண்டுதோறும்’ என்று கணக்கிடும். 2015இல் சேர்க்கப்பட்ட விரிவாக்கம் சீன நாள்காட்டி போன்றவற்றையும் ஏற்றது. எனவே சீனப் புத்தாண்டை ஒரே விதியில் எழுத முடியும். நட்சத்திரத்தை வைத்து வரும் தைப்பூசத்துக்கு அப்படி ஒரு விதி இன்னும் இல்லை. அதை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்று பதிந்தால், கலிபோர்னியா சக ஊழியரின் திரையில் முந்தைய நாள் காலை 8 மணிக்கே தொடங்கிவிடும். நேரமில்லாத முழுநாள் நிகழ்வாகப் பதிவதே சரி.

நேரம் மட்டுமல்ல, தமிழில் எழுதிய குறிப்புகளும் ஒருகாலத்தில் கருவிக்கும் கணினிக்கும் இடையே சிதைந்தன. தனி எழுத்துருவை நம்பி எழுதியவை, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவியபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியை 2005இல் செல்லினம் என்ற செயலி மூலம் திறந்தவர் மலேசியரான முத்து நெடுமாறன்.

பினாங்கில் அலுவலக நாள்காட்டியைப் பராமரிப்பவர்களே, மாநில அரசின் விடுமுறைப் பட்டியல் வெளியானதும் தைப்பூச நாளைக் கையால் பதிந்துவிடுங்கள். வெளிநாட்டுக் கூட்ட அழைப்பில் நேரத்தோடு எந்த ஊர் நேரம் என்பதையும் எழுதுங்கள்.