சித்திரைப் பிள்ளை

என் தங்கை 1962-ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது நிறையுமுன் எங்கள் தந்தையார் காலமானார். "சித்திரைப் பிள்ளை தகப்பனுக்கு ஆகாது" என்று எங்கள் ஆயா அன்று சொன்ன சொல், அவள் மணமாகிப் புகுந்த வீட்டுக்கும் அவளுக்கு முன்பாகவே சென்று சேர்ந்தது. பள்ளியில் சேர்க்கையில் மாமா அவள் பிறந்த மாதத்தை ஆனி என்று மாற்றிக் கூறினார். பதிவேட்டில் இன்றளவும் அதுவே நிற்கிறது.

சித்திரையில் பிறந்த குழந்தை முன்கோபியாகும், பிடிவாதம் மிகும், குடும்பத்துக்குக் கேடு தரும் என்பன தமிழகமெங்கும் வழங்கும் கருத்துகள். மேட ராசியில் ஞாயிறு உச்சம் பெறுவதைச் சோதிடர் இதற்குக் காரணம் காட்டுவர். இக்கருத்தை ஒட்டியே ஆடி மாதத்தில் புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கமும் நிலைத்தது. ஆடியில் கருவுற்றால் சித்திரையில் மகப்பேறு என்பது எளிய கணக்கு. வழக்கம் தோன்றிய காலத்தில் அதற்கு நியாயம் இருந்திருக்கக் கூடும். ஆடி விதைப்புக் காலம். வீட்டில் எல்லோரும் கழனியில் இருப்பர். சித்திரையிலோ கிணறு வற்றும், அனல் வீசும், பெரியம்மை பரவும். பேறுகாலத் தாய்க்கும் சிசுவுக்கும் அஃது இடர்மிக்க பருவமே. ஆனால் தாயைக் காக்க எழுந்த எச்சரிக்கை, பிறந்த பிள்ளையின் மீது சாற்றிய குற்றமாக எப்போது மாறிற்றோ! 1977-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததென்று சான்றளிக்கப்பட்டது. பழிச்சொல் மட்டும் ஒழியவில்லை.

பிறர் இதனை நம்புவது பற்றி நான் பேச வரவில்லை. நம் சமண இல்லங்களில், அதுவும் மகாவீரர் பிறந்தநாளைத் திருவிழாவாகக் கொண்டாடும் இல்லங்களில், இச்சொல் வழங்குவதே எனக்கு வியப்பு.

பகவான் வர்த்தமானர் விதேக நாட்டுக் குண்டபுரத்தில் சித்தார்த்த மன்னருக்கும் பிரியகாரிணி தேவியாருக்கும் தோன்றியது சைத்ர மாத வளர்பிறைத் திரயோதசியில், உத்திர நாளில். தேவியார் பதினாறு கனவுகள் கண்டு கருவுற்றதோ ஆஷாட மாத வளர்பிறைச் சஷ்டியில். ஆஷாடமே நாம் ஆடி என வழங்கும் பெயரின் மூலம், சைத்ரமே சித்திரை. தமிழ் வழக்கம் எந்தக் கருவையும் எந்தப் பிறப்பையும் அஞ்சுகிறதோ, அதே பெயருடைய இரு திங்கள்களிலேயே நம் தீர்த்தங்கரரின் முதலிரு கல்யாணங்களும் நிகழ்ந்துள்ளன.

இங்கே ஒரு தடை எழும். அவர்தம் மாதம் சந்திரமானம், நம்முடையது சௌரமானம் என்பர். உண்மைதான். ஆஷாட சஷ்டி பெரும்பாலும் நம் ஆனியில் விழும். சில ஆண்டுகளில் ஆடித் தொடக்கத்தைத் தொடும். மகாவீர ஜயந்தி 2024-இல் ஏப்ரல் 21 அன்று, சித்திரை 8-இல் வந்தது. 2025-இல் ஏப்ரல் 10 அன்று, பங்குனி முடியுமுன்பே வந்தது. ஆயினும் சித்திரையில் ஜயந்தி வந்த ஆண்டுகளில் எவரும் அதனைத் தீய மாதத்து விழா என்று தள்ளி வைக்கவில்லை. ஜன்மாபிடேகக் குடங்களை மகிழ்ந்தே சுமந்தோம். அதே வாரத்தில் அடுத்த தெருவில் பிறந்த குழந்தையைக் கண்டு முகம் சுளித்தவர்களும் நம்முள் உண்டு.

அக்குழந்தை கருவில் வந்த நாள்தொட்டு நாடு வளம் பெருகியதால் 'வர்த்தமானன்' எனப் பெயர் பெற்றது என்பர். தந்தைக்கு ஆகாத பிள்ளையும் அன்று. முப்பதாம் வயதில் அவர் துறவு பூண்டபோது பெற்றோர் உயிருடன் இருந்தனர் என்பதே திகம்பர மரபு.

வாதத்திற்காக, உண்மையிலேயே தந்தை மாண்ட நாளில் ஒரு பிள்ளை பிறந்ததாகக் கொள்வோம். திருத்தக்கதேவர் அதையும் பாடியிருக்கிறார். சச்சந்தன் கட்டியங்காரனால் கொல்லப்படுகிறான். மயிற்பொறியில் தப்பிய விசயை சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். இதனினும் தீய நிமித்தம் வேறென்ன வேண்டும்? ஆனால் காப்பியம் அச்சிசுவின் பிறந்த பொழுதைப் பழிக்கவில்லை. ஆட்சியை அமைச்சனிடம் விட்டு இன்பத்தில் மூழ்கிய மன்னனின் பிழையையும், அமைச்சனின் வஞ்சத்தையுமே காட்டுகிறது. சுடுகாட்டில் பிறந்த அப்பிள்ளையே பின்னர் நாடாண்டு, துறந்து, வீடுபேறு எய்துகிறான். இந்நூலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். என் வீட்டுச் செய்தியோடு இதனைப் பொருத்திப் பார்க்க எனக்கு நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஆகமக் கொள்கையில் ஓர் உயிரின் ஆயுளை வரையறுப்பது அவ்வுயிரின் ஆயுகருமம். உடலும் வடிவும் நாமகருமத்தின் பயன். ஒருவரின் ஆயுகருமத்தை மற்றொருவர் பிறந்த திங்கள் குறைக்கும் என்பதற்கு அங்கு இடமில்லை. உலகோர் நம்புகின்றனர் என்பதனாலேயே ஒன்றை நம்புதல் 'உலக மூடம்'. நற்காட்சிக்குக் குற்றமாகும் மூன்று மூடங்களுள் ஒன்றாக அதனை அருங்கலச்செப்பும் வைத்துப் பேசுகிறது. அந்நூலை இளமையில் மனனம் செய்தவர்தாம் எங்கள் ஆயாவும். மகனை இழந்த தாய் யார்மீதேனும் பழி சுமத்தியாக வேண்டிய துயரத்தில் இருந்தார் என்று இப்போது எண்ணுகிறேன்.

2024-ஆம் ஆண்டு ஜயந்திக்குத் தங்கை ஊருக்கு வந்திருந்தாள். ஜினாலயத்தில் பால வர்த்தமானரின் தொட்டிலை ஆட்டப் பெண்கள் வரிசையில் நின்றனர். கயிற்றைக் கையில் வாங்கியவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணா, இன்றைக்குச் சித்திரை எட்டு. எனக்கு நாளை மறுநாள்" என்றாள்.