சான்று: சாலுமா, சாலாதா?

‘போதிய ஆதாரம் இல்லாததால் விடுதலை’ என்று நாளிதழில் படிக்கும்போது பாதிப் பேர் ‘குற்றமற்றவர்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் ‘தப்பித்துவிட்டார்’ என்கிறார்கள். செய்தி இரண்டையும் சொல்லவில்லை.

சான்று என்ற சொல்லைச் ‘சால்’ என்னும் வேரோடு சேர்ப்பர். சாலுதல் என்றால் நிறைதல், போதுமாதல். சால்பும் சான்றோரும் அதே வேரில் கிளைத்தவை. அந்தக் கணக்கில், குறைபட்டு நிற்பது சான்றே ஆகாது. இதற்கும் முந்திய வழக்கு ‘கரி’. குறுந்தொகையில் வரும் ‘அறிகரி’, தான் அறிந்ததைச் சொல்லும் சாட்சியம். வடமொழி வழிவந்த சாட்சியில் கண் இருக்கிறது. ஆதாரத்தில் தாங்கிநிற்கும் பொருள் இருக்கிறது.

சான்று சாலுமா என்று பார்க்கும் முறையைச் சேக்கிழார் அழகாகக் காட்டுகிறார். சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காடும் முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் கேட்கிறார்கள். ஆட்சி என்பது நெடுநாள் அனுபவ வழக்கு. முதியவர் முன்பு கொண்டுவந்த ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிந்திருந்தார், ஆனால் அது படியோலை. சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன மூல ஓலை முதியவரிடமே இருந்தது. அதைக் கண்டதும் அவை தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. அந்தப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு கையெழுத்தையும் ஒப்பு நோக்கிய பிறகே முடிவு சொன்னது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவருக்கு இந்த நிதானம் இயல்பாகத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்தது, இந்த நிதானத்துக்கு ஒரு பெயரே வைத்தது. ஒரு செய்தி மெய்ப்பிக்கப்பட்டதாக இருக்கலாம், பொய்ப்பிக்கப்பட்டதாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அது மெய்ப்பிக்கப்படாதது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் இந்த மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டது. மெய்ப்பிக்கப்படாதது என்றால் பொய் என்று பொருள் இல்லை. சான்று எந்தப் பக்கமும் முடிவு காட்டவில்லை என்றே பொருள். குற்ற வழக்கில் ஐயம் எஞ்சினால் அதன் பலன் எதிரிக்குப் போகும், ஏனென்றால் மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது.

ஆகவே தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘போதிய’ என்ற சொல்லை வெட்டிவிட்டு, ‘ஆதாரம் இல்லை’ என்று அச்சிடுவது பிழை. ஆதாரம் இருந்தது, சாலவில்லை.