தந்தியும் கவிதையும்

பாரதியின் அச்சான முதல் பாட்டு, 1904 ஜூலையில் மதுரை ‘விவேகபாநு’வில் வந்த ‘தனிமை இரக்கம்’. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பாட்டு. எட்டயபுரத்து வித்வசபைக்குப் பழகிய காது எழுதினது. அந்த வருஷக் கடைசியில் அவர் சென்னை ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியர். இங்கிலீஷில் வரும் தந்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குவது தினசரி வேலை. நம் விமர்சகர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அவருடைய யாப்பைவிட இந்த மேஜை முக்கியமாகப் படுகிறது.

அந்த மேஜையில் பண்டிதத் தமிழ் உதவாது. ருஷ்ய-ஜப்பான் யுத்தத்துக்கு நிகண்டில் சொல் தேட அவகாசம் ஏது? எதிரே சபையும் இல்லை. முகம் தெரியாத சந்தாதார். அவன் சிலேடையை ரசிப்பான் என்று நம்பிக்கொண்டு வாக்கியம் எழுத முடியாது.

பத்திரிகைப் பழக்கம் கவிதைக்குள் நேராக வந்த இடங்கள் எல்லாம் தேறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேத்தா திலகரிடம் சொல்வதாக நந்தனார் சரித்திர மெட்டில் எழுதினது நல்ல கேலி, அவ்வளவுதான். பெல்ஜியத்துக்கு வாழ்த்தும் அப்படியே. செய்தி ஆறினதும் பாட்டும் ஆறிவிட்டது. ‘கரும்புத் தோட்டத்திலே’ வேறு ஜாதி. பிஜியை அவர் பார்த்ததில்லை. அங்கே கூலிப் பெண்கள் படும் பாடு செய்தியாகத்தான் கிடைத்திருக்க முடியும். ஆனால் செய்தியில் அழுகுரல் கேட்காது. அதைக் காற்றிடம் கேட்கிறார். பத்திரிகை நின்றுவிடும் இடம் எது என்று தெரிந்தவனுக்குத்தான் இது சாத்தியம்.

1910இல் புதுச்சேரியில் ‘இந்தியா’ நின்றுபோயிற்று. கெடு வைத்து எழுதும் நிர்ப்பந்தம் போய்விட்டது. 1912இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகம் வெளியாகிறது. செய்தியின் இரைச்சல் ஓய்ந்ததால் காவியம் பிறந்தது என்று முடித்துவிடலாம், பலரும் முடிக்கிறார்கள். முன்னுரையைப் படித்தால் அது பாதி உண்மை என்று தெரிகிறது. எளிய பதமும் எளிய நடையும் கேட்கிறார். ஓரிரு வருஷம் நூற்பழக்கம் உள்ளவனுக்கும் விளங்க வேண்டுமென்கிறார். இவன் யார்? காவியத்துக்கு இலக்கண நூல்கள் சொன்ன வாசகன் இல்லை. ‘சுதேசமித்திரன்’ சந்தாதார்! ஆபீஸ் போய்விட்டது, வாசகன் கூடவே வந்துவிட்டான்.

இரண்டாம் பாகம் 1924இல், அவர் இறந்த பிறகு, அச்சாயிற்று. துரோபதையைத் தெருவழியே இழுத்துப் போகும்போது ஊர் ஜனம் நின்று புலம்புகிறது. கதையை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த ஜனத்தைக் கவி திட்டுகிறார். காவிய மரபுக்கு இது அத்துமீறல் என்று பண்டிதர் சொல்லலாம். எனக்கு அது ‘இந்தியா’வின் தலையங்கக் குரலாகவே கேட்கிறது. காவியத்தில் அந்த ஓரிடத்தில்தான் உடம்பு பதறுகிறது.