எல்லைச் சுவர்கள் எழுந்த நோக்கம்

மதில், எயில், இஞ்சி எனத் தமிழில் வழங்கும் சொற்கள் ஓர் ஊரையோ கோட்டையையோ சூழ்ந்த அரணைக் குறிப்பனவாம். ஒரு பேரரசின் எல்லை நெடுகக் காடும் மலையும் கடந்து செல்லும் சுவர் அதனின் வேறாயது. முற்றுகையைத் தாங்குதற்கு எழுந்தது மதில். பன்னூறு கல் நீண்ட எல்லைச் சுவரை அங்ஙனம் இடைவெளியின்றி வீரரால் நிரப்பிக் காத்தல் அரிது. ஆயின், அஃது எந்நோக்கம் பற்றி எழுந்தது? உரோமர், சீனர், பாரசீகர் எழுப்பிய மூன்று சுவர்களை ஒப்புநோக்கி இவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

பிரித்தானியாவில் ஹேட்ரியன் கி.பி. 122-இல் தொடங்கிய சுவர், கிழக்கே டைன் ஆற்றிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம்வரை 80 உரோமக் கல் தொலைவு செல்வது. உரோமரையும் அயலாரையும் பிரித்தற்கு அஃது எழுந்ததென அப்பேரரசன் வரலாறு கூறும் பிற்கால இலத்தீன் நூல் உரைக்கும். கட்டட அமைப்போ இக்கூற்றினை முழுதும் அரண்செய்யவில்லை. ஏறத்தாழ ஒவ்வோர் உரோமக் கல் தொலைவிலும் வாயிலுடைய ஒரு சிறுகோட்டையும், சிறுகோட்டைகட்கு இடையே இவ்விரண்டு காவற்கோபுரங்களும் அமைந்திருந்தன. தடுத்தலே கருத்தாயின் இத்துணை வாயில்கள் வேண்டா. மேலும், சுவருக்குத் தெற்கே, உரோமர் ஆண்ட நிலத்தின் பக்கமாக, மற்றோர் அகழியும் அதன் இருமருங்கும் மண்மேடுகளும் செல்கின்றன. வடபுலத்துப் பகைவரை மட்டுமே அஞ்சியவர்க்கு இவ்வகழியாற் பயன் சிறிதே. போவார் வருவாரைக் குறித்த வழியிற் செலுத்தி ஆராய்தலும் அச்சுவரின் பணியாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

சீனத்தில், கி.மு. 221-இல் நாட்டை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்த சின் மரபின் முதற்பேரரசன், வடபால் மேய்ச்சல் நிலத்துச் சியோங்நு மக்களுக்கு எதிராக, முன்னை அரசுகளின் சுவர்களை இணைத்து நீட்டினான். அடுத்து வந்த ஹான் மரபினர் அரண்வரிசையை மேற்கே துன்ஹுவாங் பகுதிவரை கொண்டு சென்றனர். அங்கு 1907-இல் ஸ்டைனும், சூயன் பகுதியில் 1930-இல் சீன-சுவீடியக் குழுவினரும் காவல்நிலைய மரச்சுவடிகளைக் கண்டெடுத்தனர். அரணையடுத்து மணலை நிரவி வைத்து, அதிற் புறஞ்சென்றார் அடியேனும் உட்புகுந்தார் அடியேனும் உளவோ என நாள்தோறும் ஆராய்ந்து எழுதியமை சூயன் சுவடிகளால் விளங்குகின்றது.

இதனினும் தெளிவான சான்று கி.மு. 33-இல் நிகழ்ந்த ஒன்றாகும். சியோங்நு வேந்தன் எல்லைக் காவலைத் தானே ஏற்பதாகவும், சீனக் காவற்படையை நீக்குமாறும் வேண்டினான். ஹௌ யிங் என்னும் அரசியல் அலுவலர் பத்துக் காரணங்கள் காட்டி மறுத்தார். எல்லைப்புறத்தார்க்கு அடிமைப்பட்டுத் துயருறுவோர் தப்பியோடுவர் என்பதும், குற்றம் புரிந்தோர் வடக்கே சென்று ஒளிவர் என்பதும் அவற்றுட் சில. சுவர் அயலாரைத் தடுத்ததோடு தன் குடிகளையும் உள்ளே நிறுத்திற்று என்பதற்கு அரசவையிலிருந்தே கிடைத்த வாக்குமூலம் இது.

இவை கொண்டு, எல்லைச் சுவர் யாவும் குடிகளை அடைத்தற்கே எழுந்தன என முடித்தலும் ஆகாது. காசுபியன் கடலின் தென்கிழக்கே உள்ள கோர்கான் சுவர் 195 கி.மீ.க்குக் குறையாத நீளமுடையது; சுட்ட செங்கலால் ஆயது. அலெக்சாந்தர் கட்டியதென்பது மக்கள் வழக்கு. ஈரானிய, பிரித்தானிய ஆய்வாளர் இந்நூற்றாண்டில் அகழ்ந்து காலங் கணித்து, அது கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் சசானியர் எழுப்பியது என நிறுவினர். அதன்கண் 30-க்கு மேற்பட்ட கோட்டைகள் உள. அவற்றின் படைவீடுகளைக் கொண்டு 15,000 முதல் 36,000 வரை வீரர் தங்கினர் என மதிப்பிட்டனர். சசானிய வேந்தன் பெரோசு கி.பி. 484-இல் ஹெப்தலியரோடு பொருது மாண்ட காலச்சூழலையும் உடன்வைத்து நோக்கின், இங்குப் படைக்காப்பே தலைமை பெற்றது என்பது போதரும்.

எனவே, தோற்றத்தால் ஒத்த சுவர்கள் நோக்கத்தாலும் ஒக்கும் எனக் கருதுதல் பிழையாம். வரலாற்று நூல்கள் பெரிதும் புறத்தே நின்ற பகைவரையே பேசுகின்றன. உள்ளே வாழ்ந்து வெளியேற விழைந்தவரைப் பற்றி அரணின் அமைப்பும், காவலர் சுவடிகளும், ஓர் அலுவலரின் மறுப்புரையுமே நமக்கு உணர்த்துகின்றன. ஒரு சுவரை ஆராய்வார், அது யாரைத் தடுத்தது என வினவுதலோடு அமையாது, யாரை விடாது பிடித்து வைத்தது எனவும் வினவுதல் கடனாகும்.