கேப் ஃபாக்ஸ் கம்பங்கள்

தென்கிழக்கு அலாஸ்காவின் தீவுகளுக்கிடையே வளைந்து செல்லும் கடல்வழியில் உல்லாசக் கப்பல்களில் வருவோர் கெட்சிக்கன் பகுதியில் வியந்து நோக்கும் டோட்டம் கம்பங்கள், அதாவது செஞ்சிடார் மரத்தில் காகம், கழுகு, கரடி முதலிய குலச்சின்னங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கி நாட்டப்பட்டவை, பாதிரிமார் சிலர் எண்ணியதுபோல வழிபாட்டு உருவங்கள் அல்ல. தாய்வழியில் குலத்தைக் கணக்கிடும் ட்லிங்கிட் மக்களுக்கு அவை வம்ச வரலாறும் உரிமைச் சான்றும் ஆகும். கம்பம் நாட்டும்போது ‘பாட்லாட்ச்’ என்னும் பெருவிருந்து நடத்தி, மறுபிரிவுக் குலத்தாரைச் சாட்சிகளாக அழைத்துப் பரிசளிப்பது மரபு என்பதால், ஒரு கம்பத்தின் பொருள் அதை நாட்டிய ஊராரின் நினைவிலும் தங்கியிருந்தது.

1899இல் ரயில்வே அதிபர் எட்வர்ட் ஹாரிமன், அறிவியலாளர்களையும் ஓவியர்களையும் ஏற்றிக்கொண்டு ‘ஜார்ஜ் டபிள்யூ. எல்டர்’ என்னும் நீராவிக் கப்பலில் மேற்கொண்ட பயணத்தின் முடிவில், கேப் ஃபாக்ஸ் என்னும் ட்லிங்கிட் கிராமம் ஆளரவமற்றுக் கிடந்ததைக் கண்டு, அது கைவிடப்பட்டது என்று கொண்டு, பயணக்குழுவினர் அங்கிருந்த கம்பங்களைப் பெயர்த்துச் சென்றனர். உண்மையில் அவ்வூர் மக்கள் கெட்சிக்கனுக்கு அருகிலுள்ள சாக்ஸ்மனுக்குக் குடிபெயர்ந்திருந்தனரே அன்றித் தம் உரிமையைத் துறந்திருக்கவில்லை. ஆகவே அறிவின் பெயரால் நடந்த அச்செயலைச் சூறையாடல் என்றே சொல்ல வேண்டும். தொல்குடியினரின் புனிதப் பொருள்களைத் திருப்பித்தர வகைசெய்த 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திற்குப் பின்னர், பல அருங்காட்சியகங்களில் சிதறிக்கிடந்த அக்கம்பங்கள் 2001இல் மீண்டும் கடல்வழியாகவே கெட்சிக்கனை அடைந்து, கேப் ஃபாக்ஸ் வழித்தோன்றல்களிடம் ஒப்படைக்கப்பட்டன.