ஜீப்புக்கு ரயர் மாற்றும்போது: தவாளிப்புக்கு முன் திகதியைப் பாருங்கள்

மட்டக்களப்பு – திருகோணமலை ஏ15 வீதியில், நகரிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது சித்தாண்டி. பிரதான வீதி நல்ல தார் வீதி. மேற்கே பெருமாவெளி, ஈரளக்குளம் பக்கம் திரும்பினால் கிறவலும் சேறும் வயல் பாதையும்தான். மாரியில் முந்தனையாறு பெருகினால் அந்தப் பாதையும் தண்ணீருக்குள் போய்விடும். இங்கே ஜீப் வைத்திருப்பவர் நெல்மூட்டையும் ஏற்றுவார், இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணையும் ஏற்றுவார். அதனால்தான் ரயரைப் பற்றி எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் செங்கலடி கறுத்தப்பாலத்துக்கு அப்பால் எரிபொருளும் பற்றரியும் போவதே பெரும்பாடு. கிடைத்ததை ஒட்டி, தைத்து, நூல் தெரியும்வரை ஓடினோம். அன்று அது கெட்டித்தனம். இன்று 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடிய தார் வீதியில் அதே பழக்கம் ஆளைக் கொல்லும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய ஜீப்புகளையே ஓடவைத்தோம். அவற்றுக்கு ரயர் எடுக்கும்போது நான் பார்க்கும் விடயங்களை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அளவும் சுமையும்

ரயரின் பக்கச் சுவரில் 265/65 ஆர்17 112 எஸ் என்பது போல எழுதியிருக்கும். பல பிராடோ ஜீப்புகளின் அளவு இது. 265 என்பது மில்லிமீற்றரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரத்தின் சதவீதம். 17 என்பது ரிம்மின் அங்குலம். 112 என்பது சுமை எண்: ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை.

விலை குறைவென்று சுமை எண் 100 உள்ள ரயரைப் பூட்டினால் தாங்குவது 800 கிலோ மட்டுமே. பின்னால் மூட்டை ஏற்றும்போது அந்த வித்தியாசம் வெடிப்பாகத் தெரியும். சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவையும் சுமை எண்ணையும் விட்டுக் கீழே இறங்காதீர்கள்.

திகதி

பக்கச் சுவரில் ‘டொட்’ என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். 5 வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சோதிக்க வேண்டும். 10 வருடத்துக்கு மேல் எந்த ரயரும் வேண்டாம். ஸ்பெயார் சில்லுக்கும் இதே கணக்குத்தான்.

பாவித்த ரயர்தான் வாங்க முடியும் என்றால் ரிம்மில் பூட்ட முன் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் ஒட்டு, வீக்கம், நூல், ரிம்மில் பொருந்தும் விளிம்பில் கிழிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். தவாளிப்பு ஆழமாக இருந்து திகதி பழையதாக இருப்பதுதான் அதிகம் ஏமாற்றும் ரயர்.

எந்த இனம்? எத்தனை?

எச்.ரி ரயர் தார் வீதிக்கு. எம்.ரி ரயர் சேற்றுக்கு. தார் வீதியில் இரைச்சல், ஈரத்தில் பிடிப்புக் குறைவு. தாரும் கிறவலும் கலந்த நமது ஓட்டத்துக்கு ஏ.ரி பொருந்தும்.

எப்போதும் நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்பில் நான்கு ரயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்வாக இருக்க வேண்டும். இல்லையேல் கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள பகுதி சூடேறிப் பழுதாகும். மற்ற ஜீப்புகளுக்கு இரண்டுதான் வாங்க முடியுமென்றால் ஒரே அச்சுக்குச் சோடியாக, பின்னுக்குப் பூட்டுங்கள். ஈர வீதியில் பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழலும். ஸ்டியரிங்கால் மீட்பது கடினம்.

காற்று

வாரம் ஒருமுறை, வண்டி ஓடமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கதவோர அட்டையில் உள்ள அளவே சரி. ரயரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. காற்றுக் குறைந்த ரயர் இரு ஓரத்திலும் தேயும், சூடேறி வெடிக்கும். காற்றுக் கூடியது நடுவில் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் பூட்டுங்கள்.

தேய்வும் ஒட்டும்

தவாளிப்புக்குள் சிறு ரப்பர் மேடுகள் உண்டு. ரயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர், அதன் ஆயுள் முடிந்தது. நான் மாரிக்கு முன் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை மாற்றிவிடுவேன். தேய்ந்த ரயர் தண்ணீரை வெளியேற்றாது. வண்டி நீரின் மேல் மிதந்து போகும்.

ஆணி ஏறினால் நிலத்தில் படும் பகுதியில், 6 மில்லிமீற்றருக்கு உட்பட்ட ஓட்டையை மட்டும் ஒட்டலாம். வெளியிலிருந்து திரி செருகுவது வீடு வந்து சேர மட்டும். கழற்றி உள்ளேயிருந்து ஒட்டுவதே நிரந்தரம். பக்கச் சுவருக்கு ஒட்டு இல்லை.

வெள்ளத்துக்குப் பின்

2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தண்ணீருக்கடியில் என்ன கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்குள்ளால் வந்தால் ஆணி, தகரக் கீறல், ரிம்மின் உட்புறச் சேறு, வால்வு மூடி எல்லாம் பாருங்கள். சில்லுக் கழற்றிப் பூட்டியிருந்தால் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள்.

கழித்த ரயரை வளவில் போடவேண்டாம். அதற்குள் தேங்கும் ஒரு கோப்பைத் தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் போதும். எரிக்கவும் வேண்டாம்; அந்தப் புகை நஞ்சு. ரயர் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.