ஹோமர் காப்பியங்களில் மானிட மகளிரும் பெண் தெய்வங்களும்

கிரேக்கரின் இருபெருங் காப்பியங்களாகிய இலியட்டும் ஒடிசியும் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி உருப்பெற்றன என்பது அறிஞர் பலரின் கருத்து. ஹோமர் பெயரால் வழங்கும் இவ்விரண்டும் வீரரைப் பாடும் நூல்களே. எனினும் அவற்றுள் பெண்டிர் இருவகையினராய் உலவுகின்றனர். சாவறியாத் தேவியர் ஒருபுறம். சாவுக்கும் சிறைக்கும் உரிய மானிட மகளிர் மறுபுறம். ஆற்றல் தேவியரிடம் குவிந்திருக்க, காப்பியத்தின் கனம் மானிட மகளிர் பக்கமே சாய்ந்திருப்பது எண்ணத்தக்கது.

இலியட்டின் 5ஆம் காண்டத்தில் டயோமிடீஸ் எனும் வீரன் காதல் தேவி அஃப்ரோடைட்டியின் கையை வேலால் காயப்படுத்துகிறான். அவள் அழுதுகொண்டே ஒலிம்பஸ் மலைக்கு விரைகிறாள். தாய் டயோனி குருதியைத் துடைத்ததும் புண் ஆறிவிடுகிறது, சியூஸ் புன்னகைக்கிறார். முதற் காண்டத்தில் சியூஸுக்கும் ஹீராவுக்கும் மூண்ட பூசலும் விருந்திலும் நகைப்பிலுமே முடிகிறது. சாவில்லாதார்க்கு எந்த இழப்பும் இறுதியானதன்று.

ஆந்திரோமக்கியின் நிலை வேறு. தந்தையையும் உடன்பிறந்தார் எழுவரையும் அக்கிலீஸிடம் பலிகொடுத்தவள் அவள். கணவன் ஹெக்டரே இனித் தனக்குத் தந்தையும் தாயும் உடன்பிறந்தானும் என்கிறாள். மதில் எளிதில் ஏறத்தக்கதாய் உள்ள அத்திமரத்தடியில் படையை நிறுத்துமாறு போர்முறையும் கூறுகிறாள். தறிக்கும் நூற்கும் கோலுக்கும் திரும்புமாறு ஹெக்டர் அவளைப் பணிக்கிறான். போர் ஆடவர் தொழில் என்கிறான். டிராய் வீழ்ந்தால் அவள் அயல்நாட்டில் பிறர் ஏவலுக்குத் தறி நெய்ய நேரும் என்பதையும் அவன் அறிந்தே இருக்கிறான். 22ஆம் காண்டத்தில், கணவன் நீராட வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு அவள் நெய்துகொண்டிருக்கும்போது மதிலின் பக்கம் அழுகுரல் எழுகிறது. தறிநாடா அவள் கைநழுவித் தரையில் விழுகிறது.

இது வெறும் கவிக்கற்பனை அன்று. காப்பியங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய மைசீனியக் களிமண் பலகைகள் பைலோஸ் அரண்மனையில் கிடைத்தன. அவற்றின் எழுத்தை 1952இல் மைக்கேல் வெண்ட்ரிஸ் வாசித்தறிந்தார். அரண்மனைக்காக நூல் நூற்ற, துணி நெய்த பெண்களின் கணக்கு அவற்றில் உள்ளது. மிலேட்டஸ், லெம்னோஸ் போன்ற கடல்கடந்த ஊர்களால் சில குழுக்கள் சுட்டப்படுகின்றன. அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அளந்த தானியமும் அத்திப்பழமும் குறிக்கப்பட்டுள்ளன. ஹீராவின் பெயர் பைலோஸ் பலகையில் உண்டு. அந்நெசவுப் பெண்களோ தலைக்கணக்காக மட்டுமே நிற்கின்றனர்.

கணக்கர் எழுதாது விட்ட பெயரையும் குரலையும் காப்பியம் இத்தகையோருள் சிலர்க்கு அளித்தது. சிறைப்பட்ட பிரிசேயிஸ் 19ஆம் காண்டத்தில் பட்ரோக்குளஸின் உடல்மீது வீழ்ந்து புலம்புகிறாள். உடனிருந்த பெண்டிரும் அவனைச் சாக்கிட்டுத் தத்தம் துயருக்கே அழுகின்றனர். இலியட்டின் இறுதியில் ஹெக்டரின் உடலைச் சூழ்ந்து ஒலிப்பவை ஆந்திரோமக்கி, ஹெக்குபா, ஹெலன் ஆகிய மூவரின் புலம்பல்கள்.

தேவியருள்ளும் சாவுக்கு உரியாரிடம் அன்பு வைத்தவரே ஆழம் பெறுகின்றனர். மானிடனை மணந்த தீட்டிஸ், மகன் அக்கிலீஸ் உயிரோடிருக்கும்போதே அவன் சாவுக்கு அழுகிறாள். ஒடிசியில் கலிப்சோ, ஆடவர் தெய்வங்களுக்கு இசைந்தது பெண் தெய்வங்களுக்கு மறுக்கப்படுவதைக் கடிந்துரைக்கிறாள். ஏழாண்டு தன்னுடன் இருத்திய ஒடிசியஸுக்குச் சாவாமையும் தர முன்வருகிறாள். அழகில் பெனலோப்பி உனக்கு ஈடாகாள், அவள் இறப்பவள் என ஒப்புக்கொண்டே, அவன் வீடு திரும்ப விழைகிறான்.

ஆயினும் காப்பியத்தின் நீதி எல்லார்க்கும் எட்டவில்லை. அவ்வீட்டிலேயே, பெனலோப்பியை மணக்க வந்தோருடன் கூடியதற்காக அடிமைப் பெண்கள் பன்னிருவர் தூக்கிலிடப்படுகின்றனர். கொல்லப்பட்டோரின் உடல்களைச் சுமந்து, கூடத்தைக் கழுவிய பின்னரே அவர்களுக்கு அச்சாவு. அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயரும் இல்லை, புலம்புவாரும் இல்லை. மூலத்தில் இல்லாத வசைச்சொற்களை மொழிபெயர்ப்பாளர் சிலர் அவர்கள்மீது ஏற்றினர். 2017இல் ஒடிசியை ஆங்கிலத்தில் முழுமையாக வெளியிட்ட முதற் பெண்மணியான எமிலி வில்சன், அவ்வசைகளை நீக்கி அவர்களை அடிமைகள் என்றே குறித்தார்.

பலகை எழுதிய கணக்கனுக்கு அப்பெண்கள் எண்ணிக்கை. பாணனுக்கு அவர்களுள் சிலர் மாந்தர். பெயர் பெறாத பன்னிருவரின் கடன் இன்னும் கவிஞர்பால் நிலுவையில் நிற்கிறது.